கோச்சி அறையின் கிழக்குச் சுவர்

பிளாட்பாரத்தில் நின்ற ஆட்கள் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

நதீரா தும்புத்தடியைக் கதவில் சாய்த்துவிட்டு மேசைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். ஆட்கள் என்றால் பிளாஸ்டிக் ஆட்கள், சுண்டுவிரலில் பாதி உயரம். அவர்களில் ஒருவருக்கும் முகம் கிடையாது. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைக் கையையும் பையையும் சப்பாத்து நுனியையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். நேற்று வரைக்கும் அவர்கள் தண்டவாளத்தைப் பார்த்து, கோச்சிக்குக் காத்திருக்கும் பயணிகளாக நின்றார்கள். இப்போது தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேற்றுப் பின்னேரம் நீலம் பூசிய கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றார்கள். சுமை தூக்கிப் போனவனும் திரும்பி நின்றான். மர வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவன் வாங்கோடு சேர்த்துத் திரும்பியிருந்தான்.

பூனையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பூனைக்குத் தட்டி விழுத்தத் தெரியும், ஒருவர் விடாமல் ஒரே பக்கம் திருப்பி வைக்கத் தெரியுமா? ஒருவனை நகத்தால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. காலடியில் பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பழைய இடத்தில் பசை பிய்ந்த வடு ஏதும் இல்லை. அதைச் சொல்ல அறையில் யாரும் இல்லாததால், கூட்டி முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

பொம்மை ரயில் ஓடும் அந்த அறைக்கு வீட்டில் கோச்சி அறை என்று பெயர். நதீராவின் கணவர் அப்துல் ஸமட் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை மலைநாட்டு ஸ்டேஷன்களில் கொடி காட்டியே கழித்தவர். கோச்சி மட்டக்களப்போடு நின்றுவிடும், அதற்குத் தெற்கே பஸ்தான். கல்முனைக்குக் கோச்சி வரப்போகிறது என்ற கதை தேர்தலுக்குத் தேர்தல் வரும், கோச்சி வராது. அவங்க கொண்டுவராட்டி நான் கொண்டுவாறன் என்று சொல்லி மனிதர் வீட்டுக்குள்ளேயே தண்டவாளம் போட்டுவிட்டார்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிக்கும் ஆண் ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து சேருவான். எத்தனை வருஷம் போனாலும் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டால், வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்பான். அந்த முறைப்படி கிழக்கு மூலை அறையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தவள் நதீராதான். இனி அது அவளுடைய வீடும் அல்ல, மகளுக்குச் சீதனமாகப் போகும் வீடு. மகள் சஹ்லாவுக்குக் கலியாணம் பேசியாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள், வீடு முழுக்கப் பெயிண்ட் வாசம். எல்லா அறைக்கும் நிறம் முடிவாகிவிட்டது, கோச்சி அறையைத் தவிர.

ஆட்களுக்கு முகம் இல்லாமல் போனதும் நதீராவால்தான். உருவம் உள்ள வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது அவள் மனதில் ஆணியடித்தாற்போல் இருந்தது. இணையத்தில் வாங்கிய பொம்மைகள் பொதி பொதியாக வந்தபோது வாசலிலேயே மறித்தாள். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: முகம் இல்லாவிட்டால் அது உருவமில்லை. சஹ்லாவின் நக அரத்தை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து, முகம் இருந்த பக்கத்தை அவளே ராவித் தட்டையாக்கினாள். மடியில் வெள்ளைத் தூள் விழுந்தது. உதறிவிட்டுக் கை கழுவினாள், மனம் நிம்மதியாக இருந்தது.

பகல் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள். "மச்சான், அந்த ஆக்களத் திருப்பி வெச்சீங்களா?"

"எந்த ஆக்கள்?"

"ஒங்கட ஸ்டேசன்ல நிக்கிற ஆக்கள்தான். எல்லாரும் கிறுகி நிக்காங்க, செவரப் பாத்துக்கிட்டு."

"நான் தொடல்ல புள்ள." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அந்த நீலம் சரியில்ல. பொய்யா இரிக்கி. நேசரிப் பள்ளிக்கூடத்துச் செவர் மாதிரி. வேற பாக்கணும்."

சஹ்லா சிரித்தாள். "எனக்கு மாப்பிள்ள பாக்கக்குள்ள நீங்க இவ்வளவு யோசிக்கல்ல வாப்பா."

அவர் சிரிக்கவில்லை. நதீராவை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லு. கடல் பக்கச் செவருக்கு என்ன நிறம் வெச்சாச் சரி?"

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அவளுக்குத் தெரியும். அவர் எதைக் கேட்கிறார் என்பதும் தெரியும். மேசையில் அவர் கட்டியிருந்தது கடல் வருவதற்கு முந்திய அவர்களுடைய தெரு. ஓட்டு வீடுகள், மூலைக் கடை, பள்ளிவாசல், வள்ளங்களை இழுத்துவிட்ட மணல், எல்லாவற்றுக்கும் நடுவே ஒருநாளும் இருந்திராத ஒரு ஸ்டேஷன். சுனாமி வந்த அன்று அவர் மலைநாட்டில் வேலையில் இருந்தார். தண்ணீரை அவர் காணவே இல்லை. கடல் உள்ளே போய்விட்டதாம், மீன் துடிக்கிறதாம் என்று தெருவே திரண்டு பார்க்கப் போனபோது, மூத்தவள் ஹாஜறாவும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு ஓடினாள். நான்கு வயது. பிறகு எல்லோரையும் ஒன்றாக அடக்கியபோது, முகம் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியவில்லை. எந்தக் குழியில் அவள் கிடக்கிறாள் என்று இன்று வரை தெரியாது. ரோடெல்லாம் அழிந்துபோன ஊருக்கு அப்துல் ஸமட் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் எதையும் கேட்கவில்லை, அவள் எதையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் சஹ்லா பிறந்தாள். அன்றிலிருந்து நதீராவுக்கு ஒரே வேலை, அந்தப் பிள்ளையை மணலில் கால்வைக்க விடாமல் வளர்ப்பது. கடலை நாலு வீட்டுக்கு அப்பால் வைத்துக்கொண்டு அப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பது லேசான காரியமில்லை, ஆனால் வளர்த்துவிட்டாள். கலியாண வயதாகியும் சஹ்லாவுக்குக் கடல் என்பது யன்னலால் வரும் ஒரு சத்தம்தான். அந்தச் சத்தத்தோடு அது நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர நதீரா தன் தொழுகைகளில் வேறு எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

இரண்டாவது நிறம் பாசி கலந்த சாம்பல். பெயிண்ட் அடிக்கிற பாஸ் குணம் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து, சுவரின் அடியிலிருந்து முகடு வரை ஒரே இழுப்பாக ரோலரை உருட்டினான். வானத்துக்கும் கடலுக்கும் நடுவே கோடு வரக்கூடாது என்று அப்துல் ஸமட் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோடு வந்தால் அது சுவர் என்று தெரிந்துவிடுமாம்.

நதீரா பிளேன்டீ கொண்டுபோனபோது குணம் ரோலரை வாளியில் வைத்துவிட்டு ஒரு காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"இந்த ரூமுக்க வந்தா காது அடைக்கிது ராத்தா. கடல் கேக்குதில்ல."

"யன்னல அடச்சிட்டம்தானே, அதால" என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோசித்தாள். முன் ஹோலில், குசினியில், குளியலறையில், தலையணைக்கு அடியில் காதைப் புதைத்துக்கொண்டு படுத்தாலும்கூட, அரிசி புடைப்பது போல விடாமல் இரைந்துகொண்டிருக்கும் அந்தக் கடல், இருபது வருஷமாக ஒரு நிமிஷமும் ஓயாத அந்தக் கடல், ஒரு பலகையை வைத்து யன்னலை அடைத்ததற்காக எப்படி அடங்கும்? மறுபடி கோச்சி அறைக்குள் ஒரு காலை வைத்தாள். சத்தம் நின்றது. காலை வெளியே எடுத்தாள். சத்தம் வந்தது. குணம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு குசினிக்குப் போனாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போனது. குணம் போய்விட்டான், கணவர் பள்ளியால் இன்னும் வரவில்லை, சஹ்லா முன் ஹோலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சி அறையில் மின்விசிறியின் சுவிட்ச் போட்டபடியே கிடக்கிறதா என்று பார்க்கத்தான் நதீரா போனாள். ஈரப் பெயிண்டின் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. வள்ளத்தின் அடிப்பலகையைப் புரட்டினால் வருமே, அந்த உப்பும் அழுகலும் கலந்த வாசம். கதவால் வந்த மங்கிய வெளிச்சத்தில் சுவர் எங்கே முடிகிறது, முகடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பிளாட்பாரம் காலியாக இருந்தது.

போனின் வெளிச்சத்தைப் பிடித்தாள். தெருவும் காலி. கடையடியும் காலி. வாங்கு மட்டும் இருந்தது, கிழவன் இல்லை. வெளிச்சம் மேசையின் விளிம்புக்குப் போனபோது அவர்களைக் கண்டாள். மணலில் நின்றார்கள். வள்ளங்களைத் தாண்டி, சுவருக்கு ஒரு சாண் இடம்விட்டு, கூட்டமாக, ஊருக்கு முதுகைக் காட்டியபடி. முன்வரிசையில் மற்றவர்களின் இடுப்பளவில் ஒன்று நின்றது. மஞ்சள் சட்டை.

நதீரா அதை வாங்கவில்லை. அதை ராவவுமில்லை. ராவிய ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தெரியும். பிள்ளைகள் யாரும் அந்தப் பொதிகளில் வரவேயில்லை.

கணவர் வந்ததும் வாசலிலேயே பிடித்தாள். "அந்த மஞ்சள் சட்டப் புள்ளய எங்கால வாங்கினீங்க?"

"எந்தப் புள்ள? மஞ்சள் பெயிண்டே என்னட்ட இல்லியே." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அண்டைக்கு அவ மஞ்சள் சட்டயா போட்டிருந்த?"

அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. நதீரா முக்காட்டை இழுத்துவிட்டாள். "மஃரிபுக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டத்தோடு சேராமல், வீட்டுக் கேற்றுக்கு உள்ளே இன்னும் ஒன்று இருந்தது. போன கிழமை அப்துல் ஸமட் ஆசைப்பட்டுச் சஹ்லாவையும் செய்திருந்தார். கடல்நீல அபாயா, தோளில் பை, ஒரு கை கேற்றின் மேல். என்ட மகளும் என்ட ஊர்ல நிக்கட்டும் என்றார். அதையும் நதீராதான் ராவினாள், மகள் என்றாலும் சட்டம் சட்டம்தானே என்று சிரித்துக்கொண்டே. அது கேற்றடியில் அப்படியே நின்றது. மறுநாள் காலையில் கேற்றுக்கு வெளியே நின்றது. அதற்கடுத்த நாள் மூலைக் கடையைத் தாண்டியிருந்தது.

நதீரா குசினியால் சின்னக் கத்தியைக் கொண்டுவந்து அதன் காலடியில் நுழைத்து நெம்பினாள். பசை விடவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"உம்மா" என்று முன் ஹோலிலிருந்து சஹ்லாவின் குரல் கேட்டது. "கரண்டக்கால் சுள்ளெண்டு குத்துது. என்னெண்டு தெரியா."

நதீரா கத்தியைக் கீழே போட்டாள். குனிந்து எடுக்கவும் பயமாக இருந்தது. ஓடிப்போய் மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துத் தேய்த்தாள். வீக்கமில்லை, காயமில்லை. சூடான கால், உயிருள்ள கால். அதைத் தேய்க்கத் தேய்க்க அவளுக்கு அழுகை வந்தது.

"மாவடிப்பள்ளிக்குப் போய் மாமா வீட்ட ரெண்டு நாள் நில்லு மகள்" என்றாள்.

"மாப்பிள்ள வீட்டார் வாற நேரம் பொண்ணு ஒளிச்சிட்டா எண்டு ஊரெல்லாம் கதைக்கும். ஒங்களுக்கு என்ன உம்மா நடந்த?"

ஊர் வாயை மூட முடியாது, அது மெய்தான். மேசையைக் கொளுத்தவும் முடியாது. அந்தக் கரண்டைக்காலை நினைத்தால் கை எழவில்லை. நதீரா அந்தப் பகல் முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். துணியை நனைத்தாள், பிழிய மறந்தாள். யோசனை மட்டும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது: முதல் நிறத்துக்குத் திரும்பினார்கள், இரண்டாவது நிறத்துக்கு நடந்தார்கள். அவர்கள் பார்ப்பது கடலை. கடலை எடுத்துவிட்டால்?

"மச்சான்" என்றாள் பின்னேரம். "செவருக்கு நிறம் சொல்லட்டா?"

அவர் கையிலிருந்த எஞ்சினைக் கீழே வைத்தார்.

"கடல் வேணா. வயல் வைங்க. மாவடிப்பள்ளிப் பக்கம் விதைக்கிறதுக்கு முன்ன உழுது மிதிச்சிரிக்குமே, அந்தச் சேத்து நிறம். கோச்சி வயலுக்குள்ளால போறது வடிவுதானே."

எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். "நீ சொன்னாச் சரி புள்ள" என்றார்.

ஓட்டோ பிடித்து மாவடிப்பள்ளிக்குப் போய், தம்பியின் வயலில் இறங்கி ஒரு பிடி சேற்றை அள்ளிப் பையில் போட்டாள். கடல் வந்த அன்றைக்கும் அவள் ஓடி வந்து ஏறி நின்றது இந்த வரம்பில்தான். கடல் எட்டாத மண். அந்தப் பையோடு கல்முனைப் பெயிண்ட் கடையில் போய் இறங்கினாள். கடைக்காரன் பர்ஹான் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பையைப் பார்த்தான்.

"எல்லாரும் மகள்ட கலியாணத்துக்குப் பூ நிறம் கேக்கிறாங்க, நீங்க சேறு கேக்கிறீங்க ராத்தா."

"இதே நிறம் வேணும். இம்மியும் மாறப்படா."

அவன் சேற்றை ஒரு மட்டையில் தடவிக் காய வைத்து மெசினில் பிடித்தான். மெசின் வாளியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது. மூடியைத் திறந்து காட்டியபோது உழுத வயலே உள்ளே கிடந்தது. "ஈரத்தில ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம். காஞ்சாக் கொஞ்சம் இருளும்" என்றான் பர்ஹான். இருளட்டும் என்றாள். நீலத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

சனிக்கிழமை குணம் பூசி முடித்தான். சுவர் சேறாகி, மேசையில் கிடந்த மணலும் வள்ளமும் அர்த்தமில்லாமல் போயின. நதீரா கதவடியில் நின்று முழுவதையும் பார்த்தாள். ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நீல அபாயா கடைக்கும் மணலுக்கும் நடுவே நின்றது, அதற்கப்பால் போகவில்லை. நெல்லு வாசம் வருகிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அன்று இஷாவுக்குப் பிறகு படுத்தவள் சுபஹு பாங்குக்குத்தான் கண் விழித்தாள்.

காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கோச்சி அறைக் கதவைத் தள்ளினாள்.

சுவர் காய்ந்திருந்தது.

சேறு இல்லை. கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. தாரைக் கரைத்து, சாம்பலைக் கொட்டி, ஊர் மண்ணெல்லாவற்றையும் அதற்குள் கலக்கினால் வரும் நிறம். அடியிலிருந்து முகடு வரை ஒரே நிறம். கோடில்லை. அன்றைக்குக் குசினி யன்னலால் அவள் கண்டது இதைத்தான். அது தண்ணீர் என்று அப்போது விளங்கவில்லை. தென்னைகளுக்குப் பின்னால் யாரோ ஒரு சுவரைக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தாள். அவ்வளவு அசையாமல் நின்றது அது, முதலில்.

கோப்பையை எங்கே வைத்தாள் என்று தெரியாது. கை வெறுங்கையாக இருந்தது.

அப்துல் ஸமட் கதிரையில் இருந்தார். இரவு முழுக்க அங்கேயே இருந்திருக்க வேண்டும். திரும்பாமலே கேட்டார்.

"இதானா புள்ள?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் அதற்கு முன் திறந்துவிட்டது.

"ஓம்."

"இவ்வளவு கறுப்பா?"

"ஓம்."

"எவ்வளவு உசரம்?"

"தெரியா. மேல பாக்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். தாடியால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவரைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. இருபது வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. கையை நீட்டினாள். அப்போதுதான் மேசை கண்ணில் பட்டது.

எல்லோரும் சுவரடியில் நின்றார்கள். முட்டி நின்றார்கள். சுமைகாரன், கிழவன், பெண்கள், எல்லோரும். முகமில்லாத பக்கத்தைச் சுவரில் வைத்து அழுத்தியபடி. நடுவில் கடல்நீல அபாயா. அதன் ஒரு கை தாழ்ந்திருந்தது. கேற்றின் மேல் வைத்துச் செய்த கை. இப்போது அந்தக் கை மஞ்சள் சட்டையின் கையைப் பிடித்திருந்தது.

"சஹ்லா எங்க?"

"இப்பதான் வெளியால போனா" என்றார் அவர், சாதாரணமாக. "சனமெல்லாம் போகுதே. கடல் உள்ளுக்குப் போயிட்டாம்." எழுந்தார். சாரனைச் சரிசெய்தார். "நானும் ஒருக்காப் பாத்துட்டு வாறன். அண்டைக்கு நான் பாக்கல்லியே."

அவளைத் தாண்டிப் போனார். தோளில் இடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

நதீரா முன் ஹோலுக்கு வந்தாள். சத்தம் வரவேண்டும். கோச்சி அறையை விட்டு வெளியே வந்தால் சத்தம் வரும், எப்போதும் வரும். நின்று காதைக் கொடுத்தாள்.

இல்லை.

குசினிக்கு ஓடினாள். இல்லை. பின் யன்னலைத் திறந்தாள். காகமும் இல்லை. நாயும் இல்லை. இருபது வருஷமாக இரைந்த இடத்தில் ஒரு பெரிய வெறுமை இருந்தது, அந்த வெறுமைக்குள் ரப்பர் செருப்புகள் மட்டும் சரக் சரக்கென்று ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

வெறுங்காலோடு தெருவுக்கு வந்தாள்.

முதுகுகள். தெரு நிறைய முதுகுகள். சாரன் கட்டிய முதுகு, அபாயாப் போட்ட முதுகு, பிள்ளையைத் தோளில் தூக்கிய முதுகு. யாரும் ஓடவில்லை. யாரும் கதைக்கவில்லை. கிழக்கே நடந்தார்கள். அடுத்த வீட்டுக்காரியின் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை, நடந்துகொண்டே இருந்தது அந்தத் தோள். கணவர் முன்னால் போய்விட்டார். அவருக்கும் முன்னால், தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், கடல்நீல அபாயா.

சஹ்லாவின் ஒரு பாதம் மணலில் பதிந்தது. நதீரா கண்டாள். இத்தனை வருஷம் காத்தது, ஒரு பாதத்தோடு போனது.

"சஹ்லா."

குரல் எழும்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள், தொண்டை கிழிய.

"சஹ்லா."

நீல அபாயா நின்றது. அதோடு தெரு முழுவதும் நின்றது. செருப்புச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் நதீராவுக்கு நக அரம் நினைவு வந்தது. மடியில் விழுந்த தூள் நினைவு வந்தது.

"கிறுகாத மகள்" என்றாள். "திரும்பிப் பாக்காத. அப்பிடியே பின்னால நடந்து வா. உம்மாட்ட வா. பின்னால நடந்து வா, மகள்."

உம்மா கூப்பிட்டால் எந்தப் பிள்ளை திரும்பாமல் இருக்கும்?

சஹ்லா திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள். முகம் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது, வெளிறி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களோடு. அப்துல் ஸமடின் தாடிக்கு மேலும் அதே தட்டை. ஒருவர் விடாமல் எல்லோரும் நதீராவைப் பார்த்தார்கள், பார்ப்பதற்குக் கண் ஏதும் இல்லாமல்.

சஹ்லாவின் கையைப் பிடித்திருந்த மஞ்சள் சட்டை கடைசியாகத் திரும்பியது. அதற்கு மட்டும் முகம் இருந்தது. நான்கு வயது முகம், மேல்வரிசையில் ஒரு பல்லில்லாமல். நதீராவைக் கண்டதும் அந்த முகம் சந்தோஷத்தில் விரிந்தது.

"உம்மா, பாக்க வாங்க" என்றாள் ஹாஜறா. சின்னக் கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள்.

தென்னைகளுக்குப் பின்னால் யாரோ ஒரு சுவரைக் கட்டியிருந்தார்கள். நதீரா இந்த முறை மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனாள், அதற்கு முகடு இருக்கவில்லை.